சார் சொல்லட்டும்

அந்த ஜன்னலைச் சித்தெ எறக்கி விடு அம்மிணி, ரயிலு போற வேகத்துல காத்து காதுக்குள்ளயே போகுது. ம், போதும், போதும். நீ எதுவரைக்கும்? சொல்லாத, நானே சொல்றேன். கழுத்துல மஞ்சக்கயிறு இன்னும் வெளுக்கல, பெட்டி ரெண்டும் புதுசு, சீட்டுக்கடியில அரிசிமூட்டை. வூட்டுக்காரர் வடக்க எங்கயோ வேலையில இருக்கறாரு, நீ குடித்தனம் பண்ணப் போற. சரிதான? எனக்கு ஆளைப் பாத்தாலே தெரிஞ்சுபோகும். கேக்கவே வேண்டியதில்ல.

அப்ப இதை நீ தெரிஞ்சு வெச்சுக்கணும். புருசனைக் கூட்டிட்டு எந்த ஓட்டல் மீட்டிங்குக்கும் போயிராத. 'உங்களுக்குப் பரிசு விழுந்திருக்குது, ரெண்டு பேரும் ஜோடியா வந்து ஒரு காப்பி குடிச்சுட்டு, நாங்க சொல்றதைக் கேட்டுட்டுப் போங்க, ஏற்காட்டுல ரூம் இலவசம்'னு போன் வரும். போனா என்ன கொறஞ்சுரும்னு நினைப்ப. நானும் அப்படித்தான் நெனச்சேன். காசு ஒண்ணும் போகல. நானாவது, காசு குடுக்கறதாவது. ஆனா ஒரு சின்னப் புள்ளை, என்ற புருசனை என்ற கண்ணு முன்னாலயே பேச வெச்சுட்டா. அதை எப்படித் தாங்கறது?

சிரிக்காத. முழுசாக் கேளு.

எங்களுக்குக் கோபி. என்ற வூட்டுக்காரர் மண் பரிசோதனை ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவரு. காட்டுக்காரங்க துணிப்பையில மண்ணு கொண்டாருவாங்க. இவரு அதைக் கரைச்சுப் பாத்து, உப்பு எச்சா இருக்குது, சுண்ணாம்பு கம்மியா இருக்குதுன்னு எழுதிக் குடுப்பாரு. நல்ல மனுசன். குடி இல்ல, சீட்டாட்டம் இல்ல. பேச்சும் இல்ல. என்னைப் பொண்ணு பாக்க வந்தன்னிக்கு எங்கப்பா, 'மாப்பிள்ளைக்கு என்ன பலகாரம் புடிக்கும்'னு கேட்டாரு. இவரு தொண்டையைச் செருமினாரு. மறுபடியும் செருமினாரு. எனக்குப் பாவமாப் போச்சு. ரூமுக்குள்ள இருந்து நாந்தான், 'கேசரி புடிக்கும்ங்கப்பா, ரெண்டாந்தடவை வாங்கினாருல்ல'ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவரும் சிரிச்சாரு. அன்னீலிருந்து அவருக்கும் சேத்து நாந்தான் பேசறேன். டாக்டர்கிட்டப் போனா அவருக்கு எங்க வலிக்குதுன்னு நாந்தான் சொல்லணும். துணிக்கடையில அவரு சட்டைக்கு நாந்தான் கலர் சொல்லணும். ஒருநாள், ஒருபொழுது, வேண்டாம்னு சொன்னதில்ல.

ரிட்டயர் ஆகி வூட்டோட இருந்த புதுசுல, ஈரோட்டுல ஒரு ஜவுளிக்கடையில பரிசுக் கூப்பன் எழுதிப் போட்டேன். அதைப் புடிச்சுட்டுத்தான் அந்தப் போன் வந்துச்சு. 'மேடம், சார் கண்டிப்பா கூட வரணும். ஜோடியா வந்தாத்தான் பரிசு.' எனக்கு அதுவே புடிச்சுப்போச்சு. எங்களை ஜோடியா யாரு கூப்பிடறாங்க இப்ப?

ஈரோட்டுலயே பெரிய ஓட்டல். மேல ஒரு ஹால். குளுகுளுன்னு ஏசி. டேபிள் டேபிளா ஒவ்வொரு ஜோடியும் உக்காந்திருக்குது, எதுக்கால ஒரு ஆளு உக்காந்து பேசிட்டு இருக்குது. பாட்டு வேற சத்தமா. ஏன் அவ்வளவு சத்தம்னு அப்பறந்தான் புரிஞ்சுது. அந்தச் சத்தத்துல பேசறது கேக்கணும்னா தலையைக் கிட்டக் கொண்டுபோகணும். எங்கியாவது ஒரு ஜோடி பணத்தைக் கட்டி அவங்க ரிசார்ட்டுக்கு மெம்பராச் சேந்துட்டா பலூனை ஒடைப்பாங்க, எல்லாரும் கைதட்டணும். நானும் தட்டினேன், பாவம், மாட்டிக்கிச்சுகளேன்னு.

எங்க டேபிளுக்கு வந்தவ பேரு மெர்லின். மார்த்தாண்டம் பக்கமாம். ஒல்லியா, கண்ணு மட்டும் பெருசா, உன்ற வயசுதான் இருக்கும். உன்னைவிட நிறம் கம்மி. கோட்டு போட்டிருந்தா. அந்தக் கோட்டு அவளுது இல்ல, தோள்பட்டை எறங்கித் தொங்குச்சு. 'மேடம், நான் மெர்லின். சார், நான் மெர்லின்'னு ரெண்டு பேருக்கும் தனித்தனியாக் கை கூப்பினா. அப்பவே நான் உஷாராயிருக்கணும்.

'உங்களுக்கு எந்த மாதிரி இடமெல்லாம் பிடிக்கும் மேடம்?'

'எங்களுக்கு எல்லா எடமும் புடிக்கும்.'

'சாருக்கு?'

'அவருக்கு வூடே போதும். அவரு எங்கியும் ஆசைப்பட மாட்டாரு.'

அவ சிரிச்சுட்டே சமோசாத் தட்டை என்ற பக்கம் தள்ளி வெச்சா. 'மேடம், நீங்க சூடா சாப்பிடுங்க. சார் சொல்லட்டும்.'

சொல்லிட்டு, தாடைக்குக் கையைக் குடுத்துட்டு அவரைப் பாத்துட்டு உக்காந்துட்டா. ஒண்ணும் பேசல. பாட்டு ஓடிட்டே இருக்குது. இவரு செருமறாரு. நான் எடுத்துக் குடுக்கலாம்னா வாயில சமோசா, சுடுது. அவ பாட்டுக்கு உக்காந்திருக்கறா. மறுபடியும் செருமறாரு. அப்பவும் உக்காந்திருக்கறா. வேலைவெட்டி இல்லாதவளாட்ட.

அப்ப இவரு சொன்னாரு. 'கட்ச்.'

'எங்க சார்?'

'குஜராத்துல. ரண்ணுன்னு சொல்லுவாங்க. மழைக்காலத்துல தண்ணி வந்து நிக்கும். மழை விட்டா தண்ணி வத்திப்போயி உப்பு மட்டும் நிக்கும். கண்ணெட்டற வரைக்கும் வெள்ளை. ஒரு புல்லு முளைக்காது. நான் வேலையில இருந்த வரைக்கும், உப்பு மண்ணு கெட்ட மண்ணு, ஒண்ணும் வெளையாதுன்னே எழுதிக் குடுத்துட்டு இருந்தேன் பாப்பா. அந்தக் கெட்ட மண்ணு மட்டுமே இருக்கற எடத்துல போயி ஒருநாள் நிக்கணும். அது எப்படி இருக்குதுன்னு பாக்கணும்.'

பாப்பாவாமா. அம்மிணி, என்ற கல்யாணத்துக்கப்பறம் அவரு வாயில இருந்து ஒரே மூச்சுல அவ்வளவு வந்து நான் கேட்டதில்ல. எனக்குச் சமோசா எறங்கல. அந்தப் புள்ளை, 'அய்யோ சார், கேக்கவே எவ்வளவு நல்லா இருக்கு, அங்க நின்னா தலை சுத்துமா சார்?'ங்கறா. இவரு முகத்துல வெளிச்சம். ஆமா, வெளிச்சம். ஆரம்பிச்சாரு, 'அடிவானமே தெரியாதுன்னு...' அதுக்குள்ள நான் முழுங்கிட்டு, 'உப்பைப் பாக்க குஜராத்துக்கா? தூத்துக்குடியில இல்லாத உப்பா?'ன்னேன். பக்கத்து டேபிள்லகூடச் சிரிச்சாங்க. இவரு அப்படியே நிறுத்திட்டாரு.

மெர்லின் மட்டும் சிரிக்கல.

அப்பறம் டை கட்டின மேனேஜர் வந்து, இன்னிக்கு ஒருநாள் மட்டும் இந்த விலை, நாளைக்கு வந்தாக் கெடையாதுன்னாரு. வேண்டாம்னு சொல்றதுல என்னை யாரும் ஜெயிக்க முடியாது. இலவச ரூமுக்குக் கூப்பனை வாங்கிட்டு வெளிய வந்தாச்சு. பஸ்ல ஏறினதும் கேட்டேன், 'இத்தனை வருசமா எங்கிட்ட ஏன் சொல்லல?' 'நீ...'ன்னு ஆரம்பிச்சாரு. 'நான் என்ன? நான் கேக்கலையா? நான் உங்களை என்னதான் கேக்கல? சாப்பாடு கேக்கலையா, காப்பி கேக்கலையா?' கோபி வர்ற வரைக்கும் கேட்டேன். அதுக்கப்பறம் அவரு வாயே தெறக்கல. பாரு அவரு அழுத்தத்தை.

ஏற்காடு போனோம். ரூம் இலவசம், சாப்பாட்டுக்கு மட்டும் தீட்டிட்டாங்க. அங்க போயாவது பேசுவாருன்னு பாத்தேன். பால்கனியில ஒரு சேரைப் போட்டு உக்காந்தாரு. நான் பக்கத்துலயே உக்காந்து, அதா அது மிளகுக்கொடி, அதா அது சில்வர் ஓக்கு, அதா அந்தப் புள்ளைங்க நம்ம ஊருப் பக்கமாட்ட இருக்குதுன்னு ஒண்ணொண்ணா எடுத்துச் சொல்றேன். 'ம்'. அவ்வளவுதான். ரெண்டு நாளும் 'ம்'. அந்த மெர்லினுக்குக் கட்சு, எனக்கு ம்.

அப்பறம் எங்க கூப்பன் கெடச்சாலும் எழுதிப் போட ஆரம்பிச்சேன். ஊர் சுத்தத்தான். வேற எதுக்கு? திருப்பூர்ல ஒரு கம்பெனி, மூணாருக்கு ரூம். அங்க ஒரு நடுவயசுப் பொம்பளை எதுக்கால உக்காந்திருந்தா. 'ரிசார்ட்ல காலைச் சாப்பாடு எப்படி இருக்கணும் சார்?'னு கேட்டா. கேட்டுட்டு இவளும் அதே மாதிரி வாயை மூடிட்டு உக்காந்துட்டா. அவங்களுக்கெல்லாம் அப்படிச் சொல்லிக் குடுக்கறாங்களாட்ட இருக்குது. இவரு சொல்றாரு, 'பொங்கல் புடிக்கும். முந்திரி இல்லாம இருந்தா நல்லாருக்கும்.'

முந்திரி இல்லாம! அம்மிணி, நான் அவருக்குன்னு முழு முந்திரியாப் பொறுக்கி வாங்கி, நெய்யில வறுத்து, என்ற தட்டுல இருக்கறதையும் எடுத்து அவரு தட்டுல போட்டு, இத்தனை வருசமாப் போட்டுட்டு வர்றேன். ஒத்த முந்திரி மிச்சம் வெச்சதில்ல அந்த மனுசன். யாரோ ஊர் பேர் தெரியாதவகிட்ட சொல்றாரு.

மூணாரு கூப்பனை பக்கத்து வூட்டுக் கோகிலாவுக்குக் குடுத்துட்டேன். எனக்கு மூட்டுவலி, மலையேற முடியாது. ஆனா மீட்டிங்குக்கு மட்டும் விடாமப் போனேன். போறதுக்கு ஒரு சாக்கு வேணுமில்ல, இல்ல இல்ல, சாக்கில்ல, வெளிய போனா அவருக்கும் ஒரு மாத்தமா இருக்குமேன்னு.

சேலத்துல ஒரு பையன் கேட்டான், 'உங்க ஃபேமிலியில மறக்க முடியாத நாள் எது சார்?' நான் கல்யாண நாளைச் சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பையன் ஆல்பத்தை என்ற கையில குடுத்து, 'படம் பாருங்க மேடம், சார் யோசிக்கட்டும்'னான். இவரு சொல்றாரு, எங்க பொண்ணு தேன்மொழியைக் கட்டிக் குடுத்து அனுப்பின அன்னிக்கு, மண்டபத்துக்குப் பின்னால பந்தல் பிரிக்கற ஆளுங்ககூட உக்காந்து அழுதாராமா. பந்தக்காரர் ஒருத்தரு டீ வாங்கிக் குடுத்தாராமா. 'அந்த டீ இன்னும் நெஞ்சுல நிக்குது தம்பி'ங்கறாரு.

அன்னிக்கு நானும்தான் அழுதேன். மண்டபமே கூடி என்னைத் தேத்துச்சு. இவரு எங்க போனாருன்னு நான் தேடக்கூட இல்ல, வண்டிக்குச் சொல்லப் போயிருப்பாருன்னு நெனச்சேன். அழறதுன்னா எங்கிட்ட வந்து அழுதிருக்கலாமில்ல? பந்தக்காரன் குடுத்த டீ நெஞ்சுல நிக்குது. நான் தினம் குடுக்கற காப்பி எங்க நிக்குது?

வயித்தெரிச்சலா இருந்துச்சு அம்மிணி. உனக்கெதுக்குப் பொய் சொல்லணும். ராசாவாட்ட ஒரு மனுசன் அந்த டேபிள்களுக்கு முன்னால உக்காந்து பேசறாரு, எழுந்திரிச்சு எங்கூட வர்றது வேற ஆளு.

நானும் அந்த வித்தையைச் செஞ்சு பாத்தேனே. ஒருநாள் சாயங்காலம் வூட்டுல டேபிளைத் தொடைச்சு, சமோசா வாங்கிட்டு வந்து வெச்சு, அவருக்கு எதுக்கால உக்காந்தேன். ரேடியோவைச் சத்தமா வெச்சேன். தாடைக்குக் கையைக் குடுத்தேன். 'சொல்லுங்க, உங்களுக்கு வேற என்னல்லாம் ஆசை?'ன்னேன். என்னை ஒரு மாதிரிப் பாத்தாரு. சிரிப்பு வந்துச்சு அவருக்கு. செருமினாரு. நான் காத்துட்டு இருந்தேன். எவ்வளவு நேரம்னு நினைக்கற, ஒரு சமோசாவை எடுத்துப் புட்டு ஆற வெக்கற நேரம். ஒண்ணும் வரல. 'உங்களுக்கு என்ன, ஒண்ணுமிருக்காது. பொண்ணு வூட்டுக்குப் பக்கத்துல போயி இருக்கணும்னு இருக்கும். அதுவும் நான் சொன்னாத்தான் உண்டு'ன்னேன். தலையை ஆட்டிட்டு சமோசாவை எடுத்துக்கிட்டாரு. பாத்தியா? நானுந்தான் கேட்டேன். சொல்லலையே. ஆள் பாத்துத்தான் பேசறாரு.

அப்பறம் போன ஐப்பசியில கோயமுத்தூர்ல ஒரு மீட்டிங். கொடைக்கானலுக்கு ரூம்னாங்க. வேற கம்பெனி, வேற ஓட்டல். கெளம்பறப்பவே எனக்குச் சரியில்ல. இவரு தானாவே நீலச்சட்டையை எடுத்துப் போட்டாரு. நான் எடுத்து வெச்சது காவிச்சட்டை.

உள்ள போயி உக்காந்தா, எதுக்கால வந்து நிக்கறா மெர்லின். கம்பெனி மாறிட்டாளாம். இந்தத் தடவை அளவான கோட்டு. ஆனா முகம் வாடிக் கெடந்துச்சு. இவரைப் பாத்ததும் அந்த முகம் போன போக்கைப் பாக்கணுமே. 'சார்! கட்ச் போனீங்களா?'

ஒரு வருசம் ஆச்சு அம்மிணி. ஒருநாளைக்கு எத்தனை ஜோடியைப் பாக்கறவ. கட்சை ஞாபகம் வெச்சிருக்கறா. அப்பறந்தான் என்ற பக்கம் திரும்பி, 'மேடம் நல்லா இருக்கீங்களா'ன்னா. அவரை என்ன கேட்டா, என்னை என்ன கேட்டா, வித்தியாசம் தெரியுதில்ல? இவரு, 'இன்னும் இல்ல பாப்பா. நீ ஊருக்குப் போனியா, அம்மா காலு எப்படி இருக்குது?'ங்கறாரு. அவங்கம்மாவுக்குக் காலு சரியில்லைன்னு இவருக்கு எப்பத் தெரியும்? அன்னிக்கு ஈரோட்டுல நான் கை கழுவப் போன நேரத்துல பேசியிருக்கறாங்க. கை கழுவற நேரத்துல!

அன்னிக்கு இவரு பேசினதை நான் உனக்குச் சொல்ல மாட்டேன். எனக்கே நெனச்சா ஆகல. சின்ன வயசுல கெணத்து மேட்டுல உக்காந்து புல்லாங்குழல் ஊதுவாராம். நான் எங்கப்பா வூட்டுல இருந்து வந்தப்ப அதெல்லாம் ஒண்ணும் பாக்கல. இல்ல, பாத்தேன், பரண்ல ஒரு குழல் கெடந்துச்சு, பல்லி இருக்கும்னு தூக்கிப் போட்டேன். அதை அவரு சொல்லல. 'எங்கியோ போயிருச்சு'ன்னு மட்டும் சொன்னாரு.

அப்ப மேனேஜர் வந்தான். வந்து என்னை மட்டும், 'மேடம், கிஃப்ட் நீங்களே வந்து செலக்ட் பண்ணுங்க'ன்னு ஹாலோட அந்தக் கோடிக்குக் கூட்டிட்டுப் போனான். புருசனையும் பொண்டாட்டியையும் பிரிச்சு வெச்சுக் கையெழுத்து வாங்கறதுக்கு அவங்க பண்ற வேலை அது. எனக்குத் தெரியாதா? நான் ஹாட்பாக்ஸைப் பாத்துட்டு இருக்கறவ, திரும்பிப் பாக்கறேன். இவரு கையில பேனா. மெர்லின் டேபிள் மேல சாஞ்சு, இவரு காதுக்கிட்ட வாயை வெச்சு என்னமோ சொல்றா. ஹாலைச் சுத்திப் பாத்துப் பாத்துச் சொல்றா. இவரு தலையை ஆட்டறாரு. ரொம்ப மெதுவா, தங்கமானவ ஒருத்தி சொல்றதைக் கேட்டா ஆட்டற மாதிரி. பேனாவைக் கீழ வெக்கறாரு.

ஹாட்பாக்ஸை அங்கியே போட்டுட்டு வந்தேன். 'என்னடி என்ற புருசன் காதுல ஓதற?'ன்னேன். பாட்டு நின்னுபோச்சு. எல்லா டேபிளும் திரும்பிருச்சு. அவ எழுந்து நின்னா. 'மேடம், நான் வந்து...' சொல்ல விடுவனா? 'நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். சார் சொல்லட்டும், சார் சொல்லட்டும்னு நீ கேட்டது போதும். ஊர்ல இருக்கற புருசனை எல்லாம் பேச வெக்கறதுதான் உனக்குப் பொழப்பா?'ன்னேன். இவரு கையைப் புடிச்சு இழுத்துட்டு வந்தேன். கூப்பன்கூட வாங்கல. லிஃப்டுல நிக்கறப்ப இவரு சொன்னாரு, 'ரஞ்சிதம், அந்தப் புள்ளை பாவம்.' சத்தமாச் சொன்னாரு அம்மிணி. எங்கிட்ட அவரு சத்தமாச் சொன்ன ஒரே வார்த்தை, அதுவும் அவளைப் பத்தி.

வூட்டுக்கு வந்ததும் திட்டித் தீத்துட்டேன். என்ன சொன்னா அவ, என்ன சொன்னான்னு கேட்டேன். விடிஞ்சதும் கேட்டேன், சோத்தைப் போட்டுட்டுக் கேட்டேன், துணி மடிச்சுட்டே கேட்டேன். 'அது வந்து'ம்பாரு. 'என்ன அது வந்து? அவ்வளவு ஆசைன்னா போங்க, அவளையே கூட்டிட்டு உப்புல போயி உருளுங்க'ன்னேன். கோவத்துல வர்றதுதான்.

கொஞ்ச நாள் கழிச்சு, நான் துணி காயப்போட்டுட்டு இருக்கறப்ப வந்து நின்னாரு. 'கட்சுக்குப் போறேன் ரஞ்சிதம். ரெண்டு...'ன்னு ஆரம்பிச்சாரு. 'ரெண்டு சட்டையும் இஸ்திரி போட்டு பீரோவுல இருக்குது, பேன்ட்டும் அங்கியேதான்'னேன். உள்ள போயிட்டாரு. மார்கழி பொறந்து கெளம்பிட்டாரு, ஒத்தை ஆளா. என்னைக் கூப்பிடவே இல்ல, பாரு. ஒரு பேச்சுக்குக்கூட, வர்றியான்னு ஒரு வார்த்தை கேக்கல.

அவரு போயி நாலாம்நாளு என்ற போன் இட்லி மாவு வாளியில விழுந்துருச்சு. எடுத்துத் தொடைச்சு வெய்யில்ல வெச்சேன். எல்லாம் சரியாயிருச்சு, பேசற பக்கம் இருக்கற பொட்டுத்துளையில மட்டும் மாவு போயி அடைச்சுக்கிச்சு. மத்தவங்க பேசறது எனக்குக் கேக்கும். நான் பேசறது யாருக்கும் கேக்காது.

அன்னிக்குச் சாயங்காலம் அவருகிட்ட இருந்து போன். 'ரஞ்சிதம்? போய்ச் சேந்துட்டேன். கேக்குதா?' கேக்குதுங்க, கேக்குதுங்கன்னு கத்தறேன். 'ஹலோ? சத்தமே இல்லையே. ரஞ்சிதம், நான் பேசறது கேட்டுதுன்னா போனை வெச்சராத. அப்படியே காதுல வெச்சிரு. நான் சொல்றேன்.' கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கிச்சு. அதனாலதான் சும்மா இருந்தேன். இல்லாட்டி நான் சும்மா இருக்கற ஆளா?

செருமினாரு. நான் தொண்டை கட்டி உக்காந்திருக்கறேன். மறுபடியும் செருமினாரு. அப்பறம் பேச ஆரம்பிச்சாரு.

அந்த உப்பு மேல நடந்தா, பொரிச்ச அப்பளத்து மேல நடக்கற மாதிரி சத்தம் வருதாம். செருப்பைக் கழட்டிட்டு நடந்தாராம். கிள்ளி நாக்குல வெச்சுப் பாத்தாராம், கசப்பா இருந்துச்சாம். அடிவானம் இல்லவே இல்லையாம், வெள்ளை அப்படியே மேல ஏறி வானமாயிருதாம். 'நிக்கறப்ப எனக்குப் பயமா இருந்துச்சு ரஞ்சிதம். யாராவது கையைப் புடிச்சுக்கிட்டாத் தேவலைன்னு இருந்துச்சு'ன்னாரு. ஜீவாபாய்னு ஒரு ஒட்டகக்காரர்தான் புடிச்சுக்கிட்டாராம். அவனுக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு அவன் பாஷை தெரியாது, நாள் பூராப் பேசிட்டு இருக்கறாங்களாமா. ஒட்டகக்காரனுக்கும் குடுத்து வெச்சிருக்குது பாரு.

தினமும் பொழுது எறங்கற நேரத்துக்குப் போன் வரும். கோகிலா, 'என்ற போன்ல கூப்பிட்டுப் பேசுங்கக்கா'ன்னா. அவ முன்னால எப்படிப் பேசறது. 'போனைக் கடையில குடுத்தா ஊதித் தந்துருவாங்க'ன்னா. எங்க நேரம்? மார்கழின்னா வாசல்ல கோலம் போடவே சரியாப் போயிருது. சாயங்காலமாச்சுன்னா வெளக்கு வெச்சுட்டு, கதவைத் தாழ் போட்டுட்டு, போனை மடியில வெச்சுட்டு உக்காந்துக்குவேன். கோகிலா வந்து தட்டினாக்கூடத் தெறக்கறதில்ல. அவளுக்கும் கேட்டுருமில்ல.

ஒருநாள் சொன்னாரு. 'மெர்லின் அன்னிக்கு என்ன சொல்லுச்சுன்னு கேட்டுட்டே இருந்தியே. சார், கட்சுல எங்க கம்பெனிக்கு ரிசார்ட்டே கெடையாது. கையெழுத்துப் போட்றாதீங்க, மேடத்தைக் கூட்டிட்டு பேசாம ரயில்ல போயிட்டு வாங்கன்னு சொல்லுச்சு. மேனேஜருக்குத் தெரிஞ்சா அந்தப் புள்ளைக்கு வேலை போயிரும். நீ அத்தனை பேரு முன்னால சத்தம் போட்ட. போச்சோ என்னமோ.'

அதைக் கேட்டதும் அந்தக் கோட்டு, வாடின முகம், எல்லாம் கண்ணுக்குள்ள வந்துச்சு. ஆனா ஒண்ணு கேக்கறேன் அம்மிணி, அதை எங்கிட்ட அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல? அவதான் சொல்லியிருக்கலாம், இவரும் சொல்லியிருக்கலாம். ரெண்டு பேருக்கும் வாயில்லையா? அவளுக்குள்ள இருந்த நல்ல மனசை இவரு பாத்திருக்கறாரு, அவரு ஆசையை அவ பாத்திருக்கறா. நடுவுல நான் ஹாட்பாக்ஸைப் பாத்துட்டு இருந்திருக்கறேன். அதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

முந்தாநாளு கூப்பிட்டாரு. ரொம்ப நேரம் பேசல. அங்க காத்து. 'ரஞ்சிதம், எனக்கு ஊருக்கு வர மனசில்ல. உன்னை விட்டுட்டு இருக்கவும் முடியல. நீ இங்க வர்றியா? தேன்மொழிகிட்டச் சொல்லி டிக்கெட் போடச் சொல்றேன். அகமதாபாத்துக்கு நானே வந்து கூட்டிக்கறேன். நீ சொல்றதுதான் எனக்குக் கேக்காதே. அதனால ஒண்ணு பண்ணு. வர்றதா இருந்தா போனைக் கட் பண்ணிரு. வர முடியாதுன்னா கட் பண்ணாம அப்படியே இரு, நான் புரிஞ்சுக்கறேன்.'

சிவப்பு பட்டன் மேல விரலை வெச்சேன். அமுக்கல.

ஏன்னு கேளு. அமுக்கினா அவரு குரல் போயிருமே. அந்தக் காத்துச் சத்தம், அதுக்குள்ள அவரு மூச்சு விடற சத்தம், எல்லாம் போயிரும். இன்னும் ரெண்டு வார்த்தை பேசட்டும், அப்பறம் அமுக்கலாம்னு பாக்கறேன். அவரு பேச மாட்டேங்கறாரு. நான் என்ன பண்றேன்னு பாத்துட்டு இருக்கறாரு. நானும் அவரு பேசட்டும்னு பாத்துட்டு இருக்கறேன். அப்பறம் ரொம்ப மெதுவா, 'சரி. உனக்கு மூட்டுவலி, எனக்குத் தெரியும். நான் சும்மாதான் கேட்டேன்'னாரு. குரல் உள்ள போயிருச்சு. நான் கேசரி புடிக்கும்னு சொன்ன அன்னிக்கு உக்காந்திருந்தாரே, அந்த ஆளாயிட்டாரு.

அமுக்கிட்டேன். ரெண்டு கையாலயும் புடிச்சு அமுக்கினேன்.

தேன்மொழி டிக்கெட் அனுப்பினா. அப்பா எனக்குப் போன் பண்ணி அரை மணி நேரம் பேசினாரும்மான்னு அவளுக்குச் சந்தோசம் தாங்கல. அரை மணி நேரமாமா. எனக்குப் பத்து நிமிசம். என்ற வயித்துல பொறந்ததாவே இருந்தாலும் இது எந்த ஊரு நியாயம்? அவகிட்ட ஒண்ணும் காட்டிக்கல. ஈரோட்டு ஸ்டேஷனுக்கு எதுக்காலயே செல்போன் கடை இருந்துச்சு, பெருசா போர்டு போட்டு. வண்டிக்கு நேரமாயிருச்சு, அதனால போகல. வண்டி ஒரு மணி நேரம் லேட்டுதான், இருந்தாலும் கூட்டமா இருந்துச்சு.

அங்க போயி மொதல்ல அந்த ஜீவாபாய் யாருன்னு பாக்கணும். கையைப் புடிச்சது போதும், இனி நான் பாத்துக்கறேன்னு சொல்லணும். பாஷை தெரியாட்டி என்ன, நான் சொன்னா எவனுக்கும் புரியும்.

என்ன அம்மிணி, நீ ஏதோ சொல்ல வந்த. தண்ணியா? என்ற பாட்டில்லயே குடி. வேண்டாமா? பின்ன என்ன...

இரு, இரு. போன். அவருதான். பொழுது எறங்கிருச்சில்ல.

அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துக்க சாமி. இங்க பாக்காத, காதையும் இந்தப் பக்கம் வெக்காத. செருமறாரு.